ஒரே தெருவில் இரண்டு சாமரம்

என் பெயர் சாமரம். இன்னொரு முறை சொல்லச் சொல்லாதீர்கள், சரியாகத்தான் காதில் விழுந்திருக்கிறது.

பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு வருஷமும் புது வகுப்பின் முதல் நாள் இதே கூத்துதான். டீச்சர் வருகைப் பதிவை வாசித்துக்கொண்டே வருவார், என் பெயருக்கு வந்ததும் நிற்பார், மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு யார் வைத்தது என்று கேட்பார். அம்மா என்பேன். எவ்வளவு அழகான பெயர் என்று வகுப்புக்கே சொல்லிவிட்டு அடுத்த பெயருக்குப் போவார். ஒரே பெயரில் நான்கு பெண்கள் இனிஷியலால் பிரிக்கப்பட்டு அடித்துக்கொண்ட வகுப்பில் என்னைக் கூப்பிட இனிஷியல் தேவைப்படவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. எங்கள் வீட்டுக் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது, உள்ளே போனால் பாடிக்கொண்டே இருக்க வேண்டும். ஆனாலும் எனக்கு யாரிடமும் இல்லாத பெயர் இருந்தது. பள்ளி நூலகத்து அகராதியில் தேடிப் பார்த்தேன். அரசர்களுக்கு வீசப்படும் விசிறி என்று போட்டிருந்தது. அரசர் என்ற சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வீசுவது யார் என்று அகராதி சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். ரத்தப் பரிசோதனைப் படிப்பு. முடித்துவிட்டு ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் ஆய்வுக்கூடத்தில், யாரோ விட்டுப்போன வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு, யார் யாரிடமோ திட்டு வாங்கிக்கொண்டு காலம் தள்ளினேன். பிறகு மருந்துக்கடைக்கும் முடிதிருத்தும் கடைக்கும் நடுவில், முன்னால் குடை ரிப்பேர் நடந்த குறுகலான அறையைப் பிடித்தேன். கண்ணாடித் தடுப்பு, கை வைத்த நாற்காலி, ரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கும் இயந்திரம், மூடியின் நிறம் பார்த்துப் பிரித்து அடுக்கிய குப்பிகள். வாசலுக்கு மேலே பலகை: சாமரம் ரத்தப் பரிசோதனை நிலையம். பலகை எழுத வந்தவர் இது எந்தச் சாமி பெயர் என்று கேட்டார். என் பெயர் என்றேன். அப்படியானால் பெரிதாகவே எழுதிவிடலாம் என்று சொல்லி, கடைசி எழுத்தை வைக்க இடமில்லாமல் திண்டாடினார்.

எதிர்வீட்டு மாடியில் இருக்கும் டாக்டரம்மா சீட்டு எழுதும்போதே, சாமரத்தில் போய் ரத்தம் கொடுத்துவிட்டு வாருங்கள் என்று சொல்ல ஆரம்பித்திருந்தார். மற்ற டாக்டர்களும் ஒருவர் பின் ஒருவராகச் சொன்னார்கள். இந்தத் தொழிலில் அதுதான் கைமுதல். பெயர் டாக்டர் வாயில் ஏறிவிட்டால் ஆள் தானாக வருவார். பெயரை மாற்றினால் மறுபடி பூஜ்யத்திலிருந்து.

அந்தச் சமயத்தில்தான் பாப்பா வந்தாள்.

பாப்பா என்றால் குழந்தை என்று நினைத்துவிடாதீர்கள். நாற்பதைத் தாண்டிய பெண்மணி. அம்மா வேலை செய்யும் வக்கீல் வீட்டின் ஒரே மகள். அம்மா அவளைப் பாப்பா என்றுதான் சொல்வாள், அதனால் எனக்கும் அவள் பாப்பாதான். சின்ன வயதிலேயே விடுதிப் பள்ளிக்குப் போய், அப்படியே தூர தேசத்தில் படித்து, வேலை பார்த்து, சலித்துப்போய்த் திரும்பி வந்திருந்தாள். காலை நேரம். வெறும் வயிற்றோடு வந்த ஏழெட்டுப் பேர் சிடுசிடுப்பாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைத் தாண்டி நேராக என் நாற்காலியருகில் வந்து நின்றாள். கறுப்புக் கண்ணாடி தலைமேல் இருந்தது.

"நீ சாமரத்தோட பொண்ணுதானே?"

"நான்தான் சாமரம்."

சிரித்தாள். என் பெயரும் அதுதானா என்று கேட்டுவிட்டு இன்னொரு தடவை சிரித்தாள். தெருமுனையில் எழும்பி நின்ற கண்ணாடிக் கட்டடம் அவளுடையதாம். கைத்தறித் துணிக்கடை திறக்கப் போகிறாளாம். கடைக்குச் சாமரம் என்று பெயர் முடிவாகி, பை அச்சாகி, விளக்குப் பலகையும் வந்துவிட்டதாம். நேற்றுதான் என் பலகையைப் பார்த்தாளாம். இதையெல்லாம் ஒருவர் கையில் ரப்பர் பட்டையைக் கட்டிக்கொண்டே கேட்டேன்.

"ஒரே தெருவுல ஒரே பேருல ரெண்டு இருந்தா குழப்பம். நீ உன்னோடத மாத்திக்கோ. பலகைச் செலவு நான் பாத்துக்கறேன்" என்றாள். ரத்தம் எடுக்கும் இடத்துக்கு அந்தப் பெயர் அவ்வளவாக ஒட்டவும் இல்லை என்று ஓர் இலவச ஆலோசனை வேறு.

"இது கடைக்காக யோசிச்ச பேரு இல்லை. என் பேரு. செத்துப்போன எங்க அத்தை பேரு, எங்க குடும்பத்துப் பேரு."

"குடும்பத்துப் பேரா? அது எங்க அப்பா வச்ச பேரும்மா. உங்க அம்மாகிட்ட கேட்டுப் பாரு."

ஊசி உள்ளே போயிருந்தது. இல்லாவிட்டால் அன்றைக்கு என்ன செய்திருப்பேனோ தெரியாது. வரிசையிலிருந்த பெரியவர், சண்டையைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு மயக்கம் வருகிறது என்றார். பாப்பா என் தோளில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போனாள். குழந்தைக்கு மாத்திரை கொடுத்துவிட்டுத் தட்டுவார்களே, அப்படி.

மாலை வீட்டுக்குப் போனபோது அம்மா பிளாஸ்டிக் வாளியில் வெந்நீரும் உப்பும் போட்டுக் காலை முக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வக்கீல் வீட்டுத் தரை முழுக்கக் கல். அவளுடைய முழங்கால் அதன்மேல் தேய்ந்த முழங்கால். நான் ஆரம்பிப்பதற்கு முன்னால் அவளே ஆரம்பித்தாள்.

"பாப்பா வந்துச்சா? நான் சரின்னு சொல்லிட்டேன்."

"எதுக்கு சரி?"

"போர்டைத்தான். எடுத்துட்டு வேற எதையாவது எழுதிக்கோ. அவங்களோட என்ன மல்லுக்கட்டு."

என் பலகையை எடுக்க இவள் யார் சரி சொல்ல என்று கத்தினேன். அக்கம்பக்கத்துக்குக் கேட்கும் என்றாள். கேட்கட்டும் என்றேன். அது வக்கீல் வைத்த பெயர் என்று அந்தப் பொம்பளை சொல்கிறாளே, என்ன அர்த்தம் என்று கேட்டேன். அம்மா வாளிக்குள் கால் விரல்களை அசைத்துக்கொண்டு, வேறு யார் வீட்டுக் கதையையோ சொல்வதுபோலச் சொன்னாள்.

முதல் சாமரம் என் அத்தை. அப்பாவின் அக்கா. பாவாடை கட்டும் வயதில் வக்கீல் வீட்டுக்கு வேலைக்குப் போனவள். வக்கீலுக்குப் பழைய புத்தகம் என்றால் உயிர். எதற்கும் ஓர் அலங்காரமான சொல் தேடுவார். காருக்கு ஒரு பெயர், தோட்டத்துக் கிணற்றுக்கு ஒரு பெயர். அத்தைக்குச் சாமரம். அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருந்தது, ஆனால் வீட்டுக்கு வருவதே எப்போதாவது ஒரு நாள். கொஞ்ச காலத்தில் அப்பாவே சாமரக்கா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். கல்யாணம் என்று யாரும் பேச்செடுக்கவில்லை. மஞ்சள் காமாலை வந்து போய்ச் சேர்ந்தாள்.

அம்மா அப்போது புதுப்பெண். அந்த வீட்டில் ஒரு வேளைகூட ஆள் இல்லாமல் ஆகாது என்பதால், நாத்தனார் படுத்த படுக்கையாக இருந்தபோதே அம்மாவை அனுப்பிவிட்டார்கள். அடுப்படி வாசலில் போய் நின்றிருக்கிறாள். வக்கீல் மனைவி தலையைத் தூக்காமலே, சாமரம், பாலை இறக்கு என்றாராம். அம்மா திரும்பிப் பார்த்திருக்கிறாள். பின்னால் யாருமில்லை. பால் பொங்கிக்கொண்டிருந்தது. இறக்கி வைத்தாள். அவ்வளவுதான், பெயர் சூட்டியாகிவிட்டது.

"அப்ப இது வேலைக்காரிக்கு வச்ச பேரு."

"கூப்பிடுற பேரு."

"ஒரு நாய்க்குட்டி செத்துட்டா அடுத்த நாய்க்குட்டிக்கும் அதே பேரை வைப்பாங்களே, அந்த மாதிரி."

"ஆமா. நீ நாய்க்குட்டி போட்ட குட்டி. போய் மூஞ்சியக் கழுவு."

"தெரிஞ்சே எனக்கு ஏன்மா வச்சே?"

வாளியிலிருந்து ஒரு காலை எடுத்துத் துணியால் துடைத்தாள். அடுத்த காலை எடுத்துத் துடைத்தாள். அப்போது அப்படித் தோன்றியது என்றாள். ஊரே அழகான பெயர் என்று சொல்லவில்லையா, அதில் உனக்கு என்ன குறைந்துபோயிற்று என்று கேட்டாள். பிறகு வாளித் தண்ணீரைக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வந்து, பேச்சு முடிந்தது என்பதுபோல விளக்கைப் போட்டாள்.

எனக்கு முடியவில்லை. என் சான்றிதழ்களில் எல்லாம் அந்தப் பெயர் இருந்தது. பட்டம் வாங்க மேடையேறியபோது ஒலிபெருக்கியில் அதைத்தான் வாசித்தார்கள். அம்மா கைதட்டினாளா என்று இப்போது யோசித்துப் பார்த்தேன். நினைவில்லை. விசிறி ராஜாவுடைய பொருள்தான், ஒத்துக்கொள்கிறேன். ராஜாவின் கையில் அது ஒருநாளும் இருந்ததில்லை. உடம்பில் ஒட்டிய பிசினை உரிப்பதுபோல அந்தப் பெயரை உரித்துப் போட்டுவிட வேண்டும் போலிருந்தது. வேறு பெயர்களை எனக்கு வைத்துப் பார்த்தேன். எல்லாம் அடுத்தவர் செருப்பில் கால் விட்டது மாதிரி இருந்தது. எதுவாக இருந்தால் என்ன, நாளைக்கே பலகை எழுதுகிறவரைக் கூப்பிட்டு, பெயரை அழித்துவிட்டு வெறும் ரத்தப் பரிசோதனை நிலையம் என்று விடச் சொல்லலாம் என்று முடிவு செய்தேன். டாக்டர்கள் மறந்தால் மறக்கட்டும்.

காலையில் போனால் வாசலில் ஏணி. ஏணிமேல் ஓர் ஆள், கையில் திருப்புளி. என் பலகை ஒரு பக்கம் கழன்று தொங்கியது. முடிதிருத்துகிறவர் கத்திரிக்கோலோடு வெளியே வந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

யார் சொல்லி என்று கேட்டேன். துணிக்கடை அம்மாதான், உங்கள் அம்மா சம்மதித்துவிட்டார்களாமே என்றார் ஏணி ஆள். இறங்கச் சொன்னேன்.

"பாதித் திருகு கழட்டியாச்சும்மா. இப்படியே விட்டா யாரு தலையிலயாவது விழும்."

"அப்ப திருப்பி மாட்டுங்க."

"கழட்டத்தான் சொன்னாங்க. மாட்டச் சொல்லலை."

"நான் சொல்றேன். என் பேரு அது. மாட்டுங்க."

அவர் முடிதிருத்துகிறவரைப் பார்த்தார். மாட்டிவிட்டுப் போ, அந்தப் பெண் கையில் ஊசி வைத்திருக்கிறது என்றார் அவர். ஏணி ஆள் மறுபடி மாட்டினார், கொஞ்சம் கோணலாக. கோணலாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். முந்தின இரவு நானே அழிக்க நினைத்த பெயர்தான். நான் அழிப்பது வேறு. என் வாசலுக்கு ஆளனுப்பிப் பிடுங்குவது வேறு. அந்தப் பெயரை எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் அவளுக்குக் கொடுக்க மாட்டேன் என்று அன்றைக்கு முடிவானது.

துணிக்கடைத் திறப்புக்கு அம்மாவைச் சிறப்பு விருந்தினராகக் கூப்பிட்டிருந்தார்கள். கூப்பிட்டது என்றால், அடுப்படியில் வைத்து, நாளைக்குச் சீக்கிரம் வேலையை முடித்துவிட்டுக் கடைக்கு வந்துவிடு என்று சொன்னது. கடையிலிருந்தே ஒரு புதுப் புடவையும் கொடுத்தனுப்பினாள் பாப்பா. சாம்பல் நிறம். கட்டிக்கொண்டு அம்மா கண்ணாடி முன்னால் நின்றபோது, வேலைக்காரிக்குச் சீருடை வந்துவிட்டதா என்று கேட்டேன். அவள் கொசுவத்தைச் சரிசெய்தாள். பலகையை எடுக்கவில்லை என்று பாப்பா அவளிடம் குறைபட்டிருக்க வேண்டும். வீட்டில் எங்களுக்குள் பேச்சு அவ்வளவாக இல்லை.

நான் போனது சண்டை போடத்தான். அத்தனை பேர் முன்னால், இது என் பெயர், என் பிறப்புப் பதிவில் இருக்கிறது, உன் கடையில் இருக்கும் பையை எல்லாம் கிழித்துப் போடு என்று கத்தப் போகிறேன் என்று ஆய்வுக்கூடக் கதவைப் பாதி இறக்கும்போதே மனப்பாடம் செய்துகொண்டேன். கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

கடைக்குள் குளிர்சாதனம் எலும்புவரை ஏறியது. மெலிந்த மனிதர்கள் கண்ணாடிக் கோப்பைகளோடு நின்றார்கள். ஒவ்வொருவரும் ஒரு துணியைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்கள். எதிர்ச் சுவர் முழுக்க ஒரு கறுப்பு வெள்ளைப் படம். ஒரு பெண், இடுப்பில் ஒரு குழந்தை. குழந்தை கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறது, பெண் குழந்தையைப் பார்க்கிறாள். படத்துக்குக் கீழே பெரிய எழுத்தில்: சாமரம். எங்கள் வீட்டை வளர்த்த கை.

பாப்பா பேசினாள். அவளுக்குப் பேச வருகிறது, அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். தன்னைத் தூக்கி வளர்த்தவளாம். விடுதியில் அழும்போதெல்லாம் அந்தக் கையின் சூட்டைத்தான் நினைத்துக்கொள்வாளாம். வருஷங்கள் ஓடியும் இன்றைக்கும் அதே கைதான் தன் தாய்க்குச் சோறூட்டுகிறதாம். உலகத்தில் எங்கே போனாலும் அப்படி ஒரு விசுவாசத்தைத் தான் பார்த்ததில்லையாம். ஓர் அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சாமரம், இங்க வா. இந்தப் படத்துக்குக் கீழ நில்லு" என்றாள்.

அம்மா போய் நின்றாள். கைதட்டினார்கள். யாரோ படமெடுக்கக் கைபேசியைத் தூக்கினார். நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனேன், வாயைத் திறந்தும்விட்டேன். அதற்குள் அம்மா அண்ணாந்து படத்தைப் பார்த்துவிட்டுப் பேசினாள். சத்தமாகக்கூட இல்லை.

"இது நான் இல்லை, பாப்பா."

பாப்பா சிரித்தாள். சின்ன வயதில் இருந்த முகம் உனக்கே மறந்துவிட்டதா என்றாள்.

"இடுப்புல இருக்கறது நீங்க. தூக்கி வச்சிருக்கறது என் நாத்தனார். அவ செத்துட்டா. நீங்க அப்ப விடுதியில இருந்தீங்க."

கைபேசி தூக்கியவர் மெதுவாக இறக்கினார். பாப்பா படத்தைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், மறுபடி படத்தைப் பார்த்தாள். எனக்குப் புரிந்தது. இத்தனை காலம் அவளுக்கு இரண்டு பேரும் ஒரே ஆள். விடுமுறைக்கு வரும்போது அடுப்படியில் ஒரு முதுகு இருந்திருக்கிறது, சாமரம் என்றால் காபி வந்திருக்கிறது. முகத்தைப் பார்க்க அடுப்படிக்குள் வந்திருக்க வேண்டுமே.

"அப்ப... அவங்க பேரும் சாமரமா?"

"இல்லை. அவளுக்கு உங்க பேரு."

"என் பேரா?"

"உங்க பேருதான். நீங்க பொறக்கறதுக்கு முன்னாடியே அவ அங்க வேலைக்கு இருந்தா. அய்யா ஆசைப்பட்டு உங்களுக்கு அந்தப் பேரை வச்சாரு. ஒரு வீட்டுல ஒரே பேருல ரெண்டு இருந்தா குழப்பம்னு அவளோடத மாத்திட்டாரு."

நானும் இதை அப்போதுதான் கேட்கிறேன். அந்தக் கூட்டத்தில் பாப்பாவின் பெயர் எல்லோருக்கும் தெரியும், அழைப்பிதழில் தங்க எழுத்தில் இருந்தது. ஒருவரும் ஒருவரையும் பார்க்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்ட அம்மாள் கைக்குட்டையை மடித்து, இன்னும் சின்னதாக மடித்தார்.

"இதை இங்கதான் சொல்லணுமா?" என்றாள் பாப்பா, பல்லைக் கடித்துக்கொண்டு.

"நீங்கதான படத்துக்குக் கீழ நிக்கச் சொன்னீங்க" என்றாள் அம்மா.

நான் மனப்பாடம் செய்து வைத்திருந்த எதற்கும் வேலை இல்லாமல் போயிற்று. அம்மா கூட்டத்தின் நடுவிலேயே நடந்து வெளியே வந்தாள். பின்னாலேயே போனேன்.

தெருவில் அவளால் வேகமாக நடக்க முடியவில்லை. ஒவ்வொரு கடை வாசலிலும் நின்று சுவரைப் பிடித்துக்கொண்டாள். கை கொடுத்தேன், தட்டிவிட்டாள். "உனக்காகச் சொன்னேன்னு நெனச்சுக்காதே" என்றாள். செத்தவளைக் காட்டி அது நான்தான் என்றால் எப்படிப் பொறுப்பது என்றாள். ஒரே மூச்சில் என் கோபத்துக்கும் ஒரு குத்து: நீ மட்டும் என்ன, பலகையில் எழுதிவைத்துக்கொண்டு ஆடுகிறாய்.

"பலகையில எழுதி வச்சது நான். பதிவுல எழுதி வச்சது யாரு? அத்தைக்கு என்ன நடந்ததுன்னு தெரியும், உனக்கு என்ன நடந்ததுன்னு தெரியும். அப்புறமும் அதைக் கொண்டுவந்து எம்மேல ஒட்டியிருக்கே."

மூடியிருந்த ஒரு கடையின் படியில் உட்கார்ந்தாள். முழங்காலைத் தேய்த்தாள்.

"அந்த வீட்டுல ஒரே பேரு ரெண்டு பேருக்கு ஆகாதுடி" என்றாள். "பாப்பா பொறந்தா, அத்தைக்கு மாத்திட்டாங்க. அப்ப உனக்கு சாமரம்னு பதிஞ்சுட்டா, எனக்கு மாத்தித்தான ஆகணும்? வேற எதுக்கு மாத்துவாங்க, எனக்குன்னு பொறந்த வீட்டுல வச்ச பேரு இருக்குல்ல. அதைக் கூப்பிடுவாங்கன்னு நெனச்சேன்."

எனக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்தபோது சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பு இல்லை.

"கூப்பிட்டாங்களா?"

"உன்னைத் தூக்கிட்டுப் போய்க் காட்டினேன். பேரு சாமரம்னு பதிஞ்சிருக்கோம்னு சொன்னேன். வக்கீலம்மாவுக்கு ஒரே சந்தோஷம். பாரேன், நம்ம வீட்டு மேல எவ்வளவு பிரியம்னு அய்யாகிட்ட சொன்னாங்க." மூக்கைச் சிந்தினாள். "அப்புறம் என்ன. உன்னை சாமரத்தோட பொண்ணுன்னாங்க. என்னை சாமரம்னாங்க."

"அந்தச் சட்டம் அவங்க பிள்ளைக்கு மட்டும்தான்மா."

"இப்பத் தெரியுது."

"என் பேரை அடகு வச்சு உன் பேரை மீட்கப் பாத்திருக்கே."

"ஆமா" என்றாள். மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் இன்னும் கத்தியிருப்பேன். கோபம் கொஞ்சமும் குறையவில்லை, அதை யார் மீது இறக்குவது என்பதுதான் மாறியது. அந்தப் படியிலிருந்து பார்த்தால் தெருவின் இரண்டு சாமரமும் தெரிந்தன. முனையில் விளக்கெரிவது ஒன்று, கோணலாகத் தொங்குவது ஒன்று.

மறுநாள் காலை அம்மா வக்கீல் வீட்டுக்குப் போகவில்லை. போகப் போவதில்லை என்றும் சொல்லவில்லை. என்னோடு கிளம்பி ஆய்வுக்கூடத்துக்கு வந்து, மூலையில் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு பஞ்சு உருட்டி டப்பாவில் போட ஆரம்பித்தாள். தெரு அதற்குள் இரண்டு கடையையும் பிரித்துவைத்திருந்தது. துணிச் சாமரம், ஊசிச் சாமரம். முடிதிருத்துகிறவரின் கைங்கர்யம்.

கூட்டம் கொஞ்சம் வடிந்தபோது தொலைபேசி அடித்தது. எங்கள் பலகையில் போட்டிருக்கும் எண்ணுக்குத்தான்.

"சாமரமா?" வக்கீல் மனைவியின் குரல்.

"ஆமா, சாமரம்தான்."

"ஏன் வரலை? அடுப்படி எல்லாம் போட்டது போட்டபடி கிடக்கு."

"நான் எதுக்கு வரணும்? உங்களுக்கு ரத்தம் எடுக்கணுமா? அப்படின்னா வெறும் வயித்தோட இருங்க."

அந்தப் பக்கம் தடுமாற்றம். "யாரு, பொண்ணா? உங்க அம்மாவைக் கூப்பிடு."

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. ரத்தம் எடுப்பதற்கு முன்னால் நோயாளியிடம், நீங்கள்தான் இன்னாரா என்று கேட்கக் கூடாது. பாதித் தூக்கத்தில் இருக்கிறவர் எந்தப் பெயருக்கும் தலையாட்டிவிடுவார், குப்பி மாறிவிடும். பெயரைச் சொல்லுங்கள் என்று கேட்டு, அவர் வாயாலேயே வரவைக்க வேண்டும்.

"பேரைச் சொல்லுங்க. கூப்பிடறேன்."

தொலைக்காட்சி ஓடும் சத்தம் கேட்டது. எங்கேயோ குழாயில் தண்ணீர் சொட்டியது. அந்தம்மாவின் மூச்சும் கேட்டது. "சாமரத்தைக் கூப்பிடுடி."

"சாமரம்தான் பேசறேன்."

வைத்துவிட்டார். வயதானவர்களிடம் என்ன விளையாட்டு, உனக்குப் படிப்பு ஏறியதற்குத் திமிரும் சேர்ந்து ஏறியிருக்கிறது என்று அம்மா என்னைத் திட்டினாள். அந்தத் தொலைபேசி அவள் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. அடுத்த நாளும் அடித்தது, அதற்கு அடுத்த நாளும். ஒவ்வொரு தடவையும் அதே கேள்வி, அதே பதில். ஒவ்வொரு தடவையும் அம்மா என்னைத் திட்டினாள். ஒரு தடவைகூடத் தொலைபேசியை வாங்கவில்லை.

பிறகு பாப்பாவே வந்தாள். தலையில் கறுப்புக் கண்ணாடி இல்லை. படிக்குக் கீழேயே நின்றுகொண்டாள். தன் தாய் வேறு யார் கையாலும் சாப்பிட மறுக்கிறார் என்றாள். புதிதாக வைத்த ஆளைத் தட்டை எடுத்து அடித்துவிட்டாராம். பலகையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. என் தோளுக்கு மேலாக உள்ளே பார்த்தாள். அம்மா முதுகைக் காட்டிக்கொண்டு பஞ்சு உருட்டிக்கொண்டிருந்தாள். கூப்பிடுவதற்குப் பாப்பா வாய் திறந்தது எனக்குத் தெரிந்தது. திறந்து, மூடியது.

குரலைத் தாழ்த்தி என்னிடம் கேட்டாள். "உங்க அம்மா பேரு என்ன?"

சாதாரணப் பெயர். எந்தத் தெருவில் கல்லை எறிந்தாலும் அந்தப் பெயர்க்காரி ஒருத்தி மேல் விழும். நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கினேன்.

"எங்கிட்ட எதுக்குக் கேக்கறீங்க? அவங்க இங்கதான் இருக்காங்க. அவங்களையே கேளுங்க."

பாப்பா ஒரு படி ஏறினாள். "உன்... " என்று ஆரம்பித்து நிறுத்தினாள். "உங்க பேரு என்னங்க?"

அம்மா உருட்டிக்கொண்டிருந்த பஞ்சை டப்பாவில் போட்டு, மூடியைத் திருகி மூடினாள். முக்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை, திரும்பி மட்டும் பார்த்தாள்.

"இப்ப எதுக்கு?" என்றாள்.

பாப்பா ஏறிய படியிலேயே நின்றாள். பின்னால் ஒருவர் டாக்டரின் சீட்டோடு வந்து, வெறும் வயிற்றுக் கடுப்பில், ஏறப் போகிறீர்களா இறங்கப் போகிறீர்களா என்று அவளிடம் கேட்டார். அவள் ஒதுங்கி வழிவிட்டாள். அவர் உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்து சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். நான் ரப்பர் பட்டையைக் கையில் எடுத்தேன்.